வெள்ளி (111) பரப்பில் படலம் மேடாக வளர்வது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் முதுநிலை இயற்பியல் படிக்கும் நான், வெள்ளிப் படிகத்தின் மேல் வெள்ளி அணுக்கள் படிந்து மெல்லிய படலமாவதை தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் கணினியில் உருவகப்படுத்தி வருகிறேன். (கொலுசு ஊர்க்காரனுக்கு வேறு உலோகம் தோன்றவில்லை.)

அறை வெப்பநிலையில், அணுக்கள் சதுரமாக அமைந்த (100) பரப்பில் (இவ்வெண்கள் படிகம் எத்திசையில் வெட்டப்பட்டது என்பதைக் குறிக்கும்) படலம் ஓரளவு அடுக்கடுக்காக வளர்கிறது. முக்கோணமாக அமைந்த (111) பரப்பிலோ, கீழடுக்கு நிரம்பும் முன்பே தீவின் (அணுக்கள் சேர்ந்த திட்டின்) மேல் தீவு எழுந்து மேடாகிவிடுகிறது. தீவின் ஓரமான படியின் விளிம்பைக் கடந்து இறங்கும் அணுவுக்கு அங்கே அண்டை அணுக்களின் பிடிப்பு குறைவதால் அது தாண்ட வேண்டியுள்ள கூடுதல் ஆற்றல் தடையே, அதாவது எர்லிக்–ஷ்வோபெல் தடையே, இதற்குக் காரணம் என்பர்.

என் நிரலில் எல்லா விளிம்புக்கும் ஒரே தடை மதிப்புதான் உள்ளது. ஆனால் பிளாட்டினம் (111) பரப்பில் ஏறக்குறைய 620 கெல்வினில் அடுக்கடுக்காகவும், 420 கெல்வினில் மேடாகவும், 270 கெல்வினில் மீண்டும் அடுக்கடுக்காகவும் படலம் வளர்வதை ஒற்றை மதிப்பு விளக்காது. குளிரில் தீவுகள் சிறுத்து, விளிம்புகள் கரடுமுரடாகி, அணுக்கள் எளிதாக இறங்குவதாகவே கருதுகிறேன்.

நேரான விளிம்புக்கும் அதன் மூலைகளுக்கும் வெவ்வேறு தடை மதிப்புகளை நிரலில் எவ்வாறு அமைப்பது, வெள்ளிக்கு எந்த மதிப்புகளை நம்பலாம் என்பதை இத்துறையில் பழகியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.