சிங்கப்பூரின் பழைய காலாங் தேசிய அரங்கில் நீங்கள் பார்த்த காற்பந்து ஆட்டம் எது?

தோ பாயோ பையன்:

நானே ஆரம்பிக்கிறேன். 1993, எனக்குப் பத்து வயது. அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். சம்பளம் வந்த வாரத்தில் மலேசியக் கிண்ண ஆட்டம் (மலேசிய மாநில அணிகளோடு அப்போது சிங்கப்பூரும் மோதிய போட்டி) இருந்தால் எங்களுக்குக் காலாங்தான். அப்போது ஸ்டேடியம் ரயில் நிலையம் கிடையாது, அது 2010இல் வந்தது. காலாங் நிலையத்தில் இறங்கினால் போதும், கூட்டமே தள்ளிக்கொண்டு போய் அரங்க வாசலில் விட்டுவிடும். வழியில் நம்ம ஆள் ஒருவரிடம் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்), காகிதக் கூம்பு நிறைய. உள்ளே உட்கார நாற்காலி இல்லை, நீளமான மரப்பலகைகள்தான். எண் போட்டிருக்கும், அதை யாரும் மதிக்க மாட்டார்கள். மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர்.

புருணைக்கு எதிராக நம் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் புரண்டு உதைத்த கோலைப் பற்றி இன்றும் பேசுகிறார்களே, அன்று நான் அங்கே இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை! முன்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகும், ஆயிரக்கணக்கான கால்கள் பலகையை மிதித்த சத்தமும்தான். கோலை வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்தேன். ‘காலாங் முழக்கம்’ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான்.

ஏர்போர்ட் ரோடு அக்கா:

தம்பி, நான் காற்பந்து பார்க்க உள்ளே போனதே இல்லை. ஆனால் எத்தனை கோல் என்று சரியாகச் சொல்வேன். எங்கள் வீடு ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில். (1937 முதல் 1955 வரை காலாங்கில் விமான நிலையம் இருந்தது, சாலைக்குப் பெயர் அப்படி வந்ததுதான்.) சன்னலைத் திறந்து வைத்தால் அரங்கின் சத்தம் வந்துவிடும். நம் பக்கம் கோல் போட்டால் ஒரே வெடிப்பு. எதிரணி போட்டால் ‘ஆ...’ என்று ஓர் இழுப்பு, அப்புறம் அமைதி. அம்மா அடுப்படியில் இருந்தபடியே கணக்கு வைத்திருப்பார்.

1973 ஜூலையில் பிரதமர் லீ குவான் யூ அரங்கத்தைத் திறந்து வைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுவதற்குப் பணம் திரட்டத்தான் சிங்கப்பூர் சுவீப் லாட்டரியைத் தொடங்கினார்கள். எங்கள் அப்பா மாதம் தவறாமல் சீட்டு வாங்குவார். ஒரு காசு விழுந்ததில்லை. “போகட்டும், அந்த அரங்கத்தில் ரெண்டு செங்கல் என்னோடது” என்பார்.

இன்னொன்று. அரங்கம் வந்த பிறகு 1977, 1980, 1994 என மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்றோம் இல்லையா? மூன்று இறுதி ஆட்டமும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். 77இல் பினாங்கை 3-2 என்று வென்றது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில். அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை. அந்த இரவு எங்கள் சன்னலுக்கு வெளியே காலாங் இருட்டாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. சத்தமெல்லாம் கீழே கோப்பிக்கடை டிவி முன்னால்!

கோப்பி ஓ கோசோங்:

அக்கா சொல்வது சரி. ஆனால் காலாங்கிலேயே கிண்ணம் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். 2005 ஜனவரி 16, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரணி இந்தோனீசியா. ஜகார்த்தாவில் ஏற்கெனவே 3-1 என்று வென்றிருந்தோம். இங்கே 2-1. இந்திரா சாதான் ஒன்று, அகு காஸ்மிர் ஒன்று. மறுநாள் வேலையில் எனக்குக் குரலே வரவில்லை, மேலாளரிடம் தாளில் எழுதிக் காட்டினேன்.

2007 ஜூன் 30, அரங்கின் மூடுவிழா ஆட்டம். ஆஸ்திரேலியா 3-0 என்று அடித்துவிட்டுப் போனது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. இடித்தபோது அந்தப் பலகைகளைத் தூக்கிப் போடாமல் இருக்கைகளாகச் செய்தார்கள். யாராவது உட்கார்ந்திருந்தால் சொல்லுங்கள்.

தோ பாயோ பையன்:

புதிய அரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழசைப் போலவே 55,000 இருக்கை. மேலே 310 மீட்டர் அகலக் கூரை, காலடியில் குளிர்காற்று. 2014 ஜூன் 30 அன்று திறந்தார்கள், பழசை மூடிய அதே தேதி. சொகுசுதான், ஆனால் ரொம்ப நாள் எனக்கு அது ஒட்டவில்லை.

2021 கிறிஸ்துமஸ் அன்று மகளைக் கூட்டிப்போனேன். அதே தென்கிழக்காசியக் கிண்ணத்தின் அரையிறுதி, மறுபடியும் இந்தோனீசியா. தொற்றுக் கட்டுப்பாடு இருந்ததால் கால்வாசி அரங்கம்கூட நிறையவில்லை. நம் ஆட்கள் ஒவ்வொருவராகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகிறார்கள். ஒன்பது பேராக நிற்கும்போது ஷாதான் சுலைமான் ஃபிரீ கிக்கில் ஒரு கோல் போட்டார் பாருங்கள், மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கடைசியில் எட்டுப் பேராகி, கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றோம்.

அந்தக் கோலின்போது அப்பாவுக்குப் போன் போட்டு, சத்தம் கேட்கட்டும் என்று கையை உயர்த்திப் பிடித்தேன். “டிவியிலேயே கேக்குதுடா, வை” என்றார்.