வினைச்சொல்லில் காலமே இல்லாமல் ஒரு மொழி: வேற்றுமை உருபு தாங்குமா?

கோத்தகிரிப் பனி:
மூன்று மாதமாக ஒரு மொழி உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். வினைச்சொல் மாறவே மாறாது, காலம் முழுக்கப் பெயர்ச்சொல்லில் ஒட்டும் உருபில்தான். எஸ்டேட்டில் வளர்ந்தவன், உதாரணமும் அங்கிருந்தே வருகிறது: 'கொழுந்துசா பறி' என்றால் பறித்தாயிற்று, 'கொழுந்துலோ பறி' என்றால் இனிமேல்தான். உருபு இல்லாவிட்டால் நிகழ்காலம். இதுவரை சரி. ஆனால் 'கொழுந்தைக் கூடையில் போட்டாள்' என்று எழுதப் போனால், கூடையில் ஏற்கெனவே 'இல்' உட்கார்ந்திருக்கிறது, காலத்தை எங்கே ஒட்டுவது? 'தூங்கினாள்' என்பதில் செயப்படுபொருளே கிடையாது. விட்டுவிடவும் மனசு வரவில்லை, உதவுங்கள்.

சோலைக்குருவி:
விடாதீர்கள் தம்பி, இதற்கு நிஜ மொழியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே பெண்டிங்க் தீவில் பேசப்பட்ட கயர்டில்ட். மீனுக்கு அடிச்சொல் 'யகுரி'. பிடித்தேன் என்றால் 'யகுரினா', பிடிப்பேன் என்றால் 'யகுரிவு'. வலையால் பிடித்தேன் என்று சொல்லும்போது வலைக்கு 'ஆல்' போன்ற உருபு முதலில் ஒட்டும், அதன் மேல் அதே 'னா' இன்னொரு முறை ஒட்டும். உங்கள் கூடைக்கும் அதுதான் வழி: 'கொழுந்துசா கூடையில்சா போடு'. ஒன்று மட்டும், அங்கே வினையும் சேர்ந்தே காலம் காட்டும், எழுவாய் மாறாமல் நிற்கும். முழுப் பாரத்தையும் பெயர்மேல் ஏற்றுவது உங்கள் துணிச்சல்.

குன்னூர் ரயில்:
வினை அசையாமல் நிற்கும் உதாரணம் வேண்டுமென்றால் ஃபின்னிஷ் பாருங்கள். அதில் எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் கிடையாது. 'லுஎன் கிர்யன்' என்றால் புத்தகத்தை முழுசாகப் படித்துவிடுவேன், அதே 'லுஎன்' வைத்து, 'ன்'னை விட்டுவிட்டு 'கிர்யா' என்று நீட்டினால் படித்துக்கொண்டிருக்கிறேன். மாறுவது புத்தகம்தான். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை.
தூங்கினாளுக்கு வழி: உருபை எழுவாய்க்கே கொடுங்கள். குயின்ஸ்லாந்தின் பிட்டா-பிட்டா மொழியில் எதிர்காலம் வந்தால் எழுவாய்க்கே வேறு உருபு வரும்.

பழைய ஏடு:
'வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்' என்கிறது தொல்காப்பியம். வேற்றுமை பெயருக்கு, காலம் வினைக்கு என்று போட்ட கோட்டை அப்படியே தலைகீழாக்குகிறீர்கள், அதனால்தான் தமிழ்க் காதுக்கு இவ்வளவு புதுசாக இருக்கிறது. ஆனால் 'வந்தவனை', 'வருபவனை' பாருங்கள், நம்மிடமும் காலமும் வேற்றுமையும் ஒரே சொல்லில் உண்டு. அதில் காலம் உள்ளே, வேற்றுமை வெளியே. கயர்டில்டின் சாதாரண வாக்கியத்தில் காலம் காட்டும் உருபுதான் கடைசி. எது உங்கள் வரிசை என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றினால் எல்லா வாக்கியத்தையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

கோத்தகிரிப் பனி:
காலம் வெளியேதான். அக்கா, அண்ணா எல்லோருக்கும் நன்றி. வெளியே மழை, கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் நோட்டில் எழுதிப் பார்த்தேன்: 'அவள்சா தூங்கு', 'மழைலோ பெய்'. செயப்படுபொருள் இருந்தால் எழுவாய் சும்மா இருக்கும், இல்லையென்றால் அதுவே சுமக்கும். 'கூடையில்லோ' மட்டும் வாய்க்கு இடிக்கிறது, 'லோ'வை 'மோ' ஆக்கலாமா?