ஆச்சியின் சஷ்டி விரதம்

குழு: கல்லிடைக்குறிச்சி வீடு

செண்பகம் அத்தை (காலை 9.12): ஆச்சிக்கு நீர்க்கடுப்பு என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். சர்க்கரை இல்லை, ஆனால் கீட்டோன் இரண்டு பிளஸ் என்று வந்திருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

முருகன் மாமா (9.14): மதினி, கீட்டோன் என்றால் சர்க்கரை முற்றிவிட்டது என்று பொருள். உடனே இங்கே பாளையங்கோட்டைக்கு அழைத்து வாருங்கள். நான் டாக்டரிடம் சொல்லிவைக்கிறேன்.

செண்பகம் அத்தை: வள்ளி, நீதான் நர்ஸ். நீ சொல்.

வள்ளி (9.20): சற்றுப் பொறுங்கள் மாமா. அத்தை, ஆச்சிக்கு இன்று விரதம் நான்காம் நாள்தானே? என்ன சாப்பிடுகிறார்கள்?

செண்பகம் அத்தை: பகலில் இளநீர், இரவில் ஒரு தம்ளர் பால். சொன்னால் கேட்டால்தானே.

வள்ளி: அப்படியானால் கீட்டோன் வராவிட்டால்தான் அதிசயம். கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கல்லீரல் கொழுப்பை எடுத்துக் கீட்டோனாக மாற்றி மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தால் மூளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் கீட்டோன்தான் தருகிறது என்று 1967-லேயே அளந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் ஆக்கிப் போடும் கல்லீரல் தான் ஒரு வாய் சாப்பிடாது. கீட்டோனை எரிக்கும் நொதி அதனிடம் இல்லை. (நம் ஆச்சி மாதிரி.)

செண்பகம் அத்தை: பேசும்போது ஒரு வாடை வருகிறது. கனிந்து கறுத்த வாழைப்பழம் போல.

வள்ளி: அது அசிட்டோன், கீட்டோனில் ஒரு வகை. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்கிறதே, அதுவேதான். ஆச்சிக்கு இன்சுலின் சுரக்கிறது. அது கடிவாளம் பிடித்துக்கொள்ளும். கடிவாளம் இல்லாதவர்களுக்குத்தான் கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகும். தண்ணீர் நிறையக் கொடுங்கள். நீர்க்கடுப்பை மட்டும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

முருகன் மாமா (9.41): நல்லது. நானும் நேற்று முதல் விரதம்தான். நாளை திருச்செந்தூருக்கு நடக்கலாம் என்றிருக்கிறேன். காலையிலிருந்து குமட்டல், வயிற்று வலி. ஆனால் சர்க்கரை 168தான், கவலையில்லை.

வள்ளி: மாமா, என்ன மாத்திரை போடுகிறீர்கள்?

முருகன் மாமா: டாபாகிளிஃப்ளோசின். போன மாதம் சேர்த்தார்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

வள்ளி (9.43): இப்போதே ஆட்டோ பிடியுங்கள். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். மீட்டரில் எண் நன்றாகவே தெரியும், உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப் பட்டையில் லேசாக நிறம் மாறினால் பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். அது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனைத்தான் காட்டும்; அதிகம் சேருவதோ பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையின் பெயர், விரதம், இன்சுலினைக் குறைத்தது, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முருகன் மாமா: எனக்கா?

வள்ளி: உங்களுக்குத்தான்.

சுப்பு அத்தான் (பகல் 12.40): மாமாவோடு இருக்கிறேன். ரத்தக் கீட்டோன் 4.6. பெருமூச்சாக விடுகிறார். இன்சுலினோடு குளுக்கோஸும் ஏற்றுகிறார்கள். சர்க்கரைக்காரருக்கு எதற்குக் குளுக்கோஸ்?

வள்ளி: கீட்டோன் உற்பத்தியை நிறுத்த இன்சுலின் வேண்டும். வெறும் இன்சுலின் ஏற்றினால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். ரத்தக் கீட்டோன் 3-ஐத் தொட்டாலே ஆபத்து அத்தான். நேரத்தோடு போனீர்கள்.

செண்பகம் அத்தை (1.05): ஆச்சியிடம் சொன்னேன். அவன் ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்கிறார்கள்.