பொருள்: மறு: ஹியூமனைஸ் திருகுக்குத் தமிழ்ப் பெயர் (அவசரம்)

க. எழுதியது:
வணக்கம். ஒரு கட்டற்ற தாள மென்பொருளைத் தமிழாக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். திரையில் உள்ள 'ஹியூமனைஸ்' திருகுக்குப் பெயர் வைப்பதில் மாட்டிக்கொண்டேன். பதிவுசெய்த தாள ஒலிகளைக் கணினி நூல் பிடித்தாற்போல் ஒரே இடைவெளியில், ஒரே அழுத்தத்தில் ஒலிக்கும். இந்தத் திருகைக் கூட்டினால் இரண்டும் அடிக்கு அடி கொஞ்சம் விலகும், ஆள் வாசித்த மாதிரி. 'இயல்பாக்கு' எனலாம் என்றால், ஒலியளவைச் சரிக்கட்டும் நார்மலைஸுக்கு ஏற்கெனவே அதைத்தான் போட்டிருக்கிறோம்.

செ. எழுதியது:
மனிதன் வடசொல், மாந்தன் நம் சொல். 'மாந்தமாக்கு' என்று வையுங்கள்.

வ. எழுதியது:
> 'மாந்தமாக்கு' என்று வையுங்கள்

ஐயா, மாந்தம் என்றால் எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கு வரும் வயிற்றுக்கோளாறு. திருகைத் தொட்டதும் யாராவது வசம்பு தேடப் போவார்கள்.

நான் மிருதங்கம் வாசிப்பவன், ஒலிப்பதிவுக் கூடத்திலும் வேலை. கணினித் தாளம் உயிரில்லாமல் கிடப்பதற்கு நேரம் மட்டும் காரணமல்ல. மிருதங்கத்தின் 'நம்' என்ற சொல்லுக்கு ஒரே பதிவை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கிதான். அதனால்தான் நல்ல ஒலித்தொகுப்புகளில் ஒரே சொல்லுக்கு நாலைந்து பதிவுகளை வைத்துச் சுழற்றுகிறார்கள். மெல்லத் தட்டியதற்கும் ஓங்கி அடித்ததற்கும் தனித்தனிப் பதிவு. ஓங்கிய அடியின் ஒலியளவைக் குறைத்தால் மெல்லிய அடி ஆகாது, தோல் பேசும் விதமே வேறு. இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. பின்னால் ஒரே பதிவு இருந்தால் அத்தனையும் வீண். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் அப்பிய ரவை காயக் காய நாதம் மாறுவதற்கெல்லாம் திருகு வைத்தால் திரை போதாது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் 'அவர் கைவாகு அப்படி' என்கிறோம். 'கைவாகு' என்றே வைக்கலாமே?

செ. எழுதியது:
வாகு என்பது வடமொழி பாஹுவின் திரிபு, தோள் என்று பொருள். 'கைத்தோள்' என்று ஒரு திருகா?

மு. எழுதியது:
'வாகாகப் பிடி' என்கிறோமே, அதில் தோள் எங்கே வந்தது? படு பாடு ஆனது, பெறு பேறு ஆனது, சுடு சூடு ஆனது. அதுபோல் வகு வாகு ஆகியிருக்கும்: முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

செ. எழுதியது:
ஆகியிருக்கும் என்றால் போதாது. சங்கப் பாட்டில் ஓர் இடம் காட்டுங்கள். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? 'தண்ணுமைப் பின்வழி நின்றது முழவே' என்கிறது சிலப்பதிகார அரங்கேற்று காதை. 'பின்வழி' என்று வையுங்கள்.

வ. எழுதியது:
அடி சில நேரம் முந்தவும் செய்யுமே ஐயா. அதற்கு 'முன்வழி' என்று இன்னொரு திருகா?

மு. எழுதியது:
'வாகு' தமிழ்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தத் திருகுக்கு அந்தப் பெயர் அதிகம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அடிகளுக்கு இடையே 500 மில்லிவிநாடி. அதை நாலாக்கினால் 125. அதில் ஒவ்வோர் அடியையும் கண்டபடி 15, 20 தள்ளினால் போதையில் வாசித்த மாதிரிதான் கேட்கும். கைதேர்ந்தவர் விலகுவதில் ஒரு போக்கு இருக்கும்: ஸ்நேர் முரசின் அடி பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு பிந்தும், வல இடக் கைகளின் அழுத்தம் மாறி மாறி வரும். அதைக் கையால்தான் ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். இந்தத் திருகு பகடை உருட்டுகிறது, அவ்வளவுதான். 'சிதறல்' என்பதே நேர்மை.

வ. எழுதியது:
சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் 'சிதறல்' என்று எழுதினால் எந்தப் பையன் அதைத் தொடுவான்?

க. எழுதியது:
சரி, எல்லாருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கைவாகு பக்கம். அதையே போட்டு, மு. சொன்னதை உதவிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். கோஸ்ட் நோட்டுக்கு, அதாவது அடிகளுக்கு நடுவே காதில் பட்டும் படாமலும் விழும் மெல்லிய தட்டுக்கு, குற்றியலுகரத்தை வைத்துக் 'குற்றியலடி' என்று எழுதியிருக்கிறேன்.

செ. எழுதியது:
கைவாகுக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். குற்றியலுகரத்தில் குறைவது மாத்திரை. உங்கள் தட்டில் குறைவது ஓசை. ஆகவே குற்றியலடியும் கூடாது.