அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குதாம், வீட்டுலயே என்ன குடுக்கலாம்?

மாடிவீட்டுபையன்:
அப்பாவுக்கு 56 வயசு, சுகர் இருக்கு. நேத்து நைட்டு கல்யாண வீட்டுல சாப்பிட்டு வந்ததுல இருந்து நடு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னாரு, சோடா குடிச்சு ஏப்பம் விட்டதும் குறைஞ்சுது, இப்ப தண்ணி டேங்க் பாக்க மாடி ஏறுனதும் மறுபடி ஆரம்பிச்சிருக்கு, லேசா வேர்க்குது. வாயுதான், ஆஸ்பத்திரிலாம் வேணாங்கிறாரு. கை வைத்தியம் ஏதாச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

செல்விஅக்கா:
ஓமத்தை லேசா வறுத்து தண்ணில கொதிக்க விட்டு குடுங்க தம்பி. எங்க வீட்டுல மோருல பெருங்காயம் போட்டும் குடிப்போம், உடனே கேக்கும்

நைட்டூட்டிநர்ஸ்:
அக்கா, ஓமத்தண்ணி வாயுக்கு சரி, இவருக்கு இப்ப வேணாம். மாடி ஏறுனா அடைக்குது, வேர்க்குது, சுகர் வேற. தம்பி முதல்ல 108க்கு போன் போடுங்க, மீதிய அப்புறம் படிங்க. ஏப்பம் விட்டதும் குறைஞ்சா ஹார்ட் இல்லன்னு அர்த்தமே இல்ல, சுகர்காரங்களுக்கு நரம்பு மந்தமாயி வலி பெருசா தெரியாமலே அட்டாக் வரும். வண்டி வர்ற வரைக்கும் சாய்ஞ்சு உக்கார வைங்க, நடக்க விடாதீங்க, பைக்ல ஏத்தவே கூடாது. ஆஸ்பிரின் அலர்ஜி, வயித்துல ரத்தக்கசிவு இதெல்லாம் இல்லன்னா ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்னு முழுங்க சொல்லுவாங்க, அதையும் 108லயே கேட்டுட்டு குடுங்க. பக்கத்து வீட்டுல சார்பிட்ரேட் (ஹார்ட் நோயாளிங்க நெஞ்சு வலிக்கு வைக்கிற மாத்திரை) இருக்குன்னு நாக்குக்கு அடில வச்சிடாதீங்க, பிபி சடார்னு இறங்கிடும். முதல் ஈசிஜி நார்மல்னு சொன்னாலும் கிளம்பிடாதீங்க, ஹார்ட் தசை பாதிச்சிருக்கான்னு காட்டுற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட்டு சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்பாங்க

ஜிம்பாய்:
சிஸ்டர் எனக்கு 22, பெஞ்ச் பிரஸ் பண்ணதுல இருந்து விலா எலும்பு ஓரம் விரல் வச்சு அழுத்துனா சுள்ளுங்குது, இதுவும் ஹார்ட்டா?

நைட்டூட்டிநர்ஸ்:
அழுத்துற இடத்துல மட்டும் வலின்னா பெரும்பாலும் தசை வலி, இல்லாட்டி குருத்தெலும்பு வீக்கம்தான். வெந்நீர் ஒத்தடம் குடு, கொஞ்ச நாள் வெயிட் தூக்காத. மூச்சு வாங்குனா, மயக்கம் வந்தா மட்டும் உடனே போய் காட்டு

மாடிவீட்டுபையன்:
108 வந்துட்டு இருக்கு சிஸ்டர். அப்பா திட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்காரு, வேர்வை இன்னும் நிக்கல

நைட்டூட்டிநர்ஸ்:
திட்டட்டும். சுகர் மாத்திரை அட்டை, பழைய ஈசிஜி இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு அவங்க கிட்ட மறக்காம சொல்லுங்க