குறைந்த பட்ஜெட்டில் 9 மி.மீ பிஸ்டல்: புதியதா, கைமாறியதா?

ரேஞ்சுக்காரி:

வணக்கம். இதுவரை கிளப் பிஸ்டலில்தான் சுட்டுப் பழகினேன். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, இனி சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஐபிஎஸ்சி ப்ரொடக்‌ஷன் பிரிவில் கிளப் அளவிலான போட்டிகளில் இறங்க ஆசை (நகர்ந்தபடி இலக்குகளைச் சுடும் போட்டி, அதில் பெரிய மாற்றம் செய்யாத பிஸ்டல்களுக்கான பிரிவு). செமி ஆட்டோமேட்டிக், 9 மி.மீ. அதுவரை முடிவு செய்துவிட்டேன். காசுதான் அளவாக இருக்கிறது.

இரண்டு பிஸ்டல்கள் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. ஒன்று புத்தம் புதியது. அந்தக் கம்பெனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இரண்டு மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி), ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) பொருத்த இடம், ஹோல்ஸ்டர் எல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றன. இன்னொன்று ஒருவர் கைமாற்றும் செக் நாட்டு பிஸ்டல், சிஇசட் 75 பி. பெயின்ட் அங்கங்கே உரிந்து இரும்பு தெரிகிறது. மேகசின் ஒன்றுதான்.

என் கை சிறியது. பழையதை வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பிரியன்:

இரண்டையும் விட்டுவிட்டு நல்ல மகரோவ் ஒன்று கிடைத்தால் பாருங்கள். 1951-லிருந்து சோவியத் படை வைத்திருந்த பிஸ்டல். பாகங்கள் குறைவு, உடையாது, சிறிய கைக்குள் அழகாக அடங்கும். அதுவும் 9 மி.மீ.தான். இந்தக் காசில் மிச்சமே வரும்.

கிரீஸ்கை:

முதலில் மகரோவ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது பாதுகாப்பு விஷயம். மகரோவ் உறுதியான பிஸ்டல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் தோட்டா 9×18. நீங்கள் கேட்பது 9×19. இரண்டுக்கும் பெயரில் 9 இருந்தாலும் தோட்டா வேறு, குண்டின் விட்டமும் வேறு. ஒன்றை மற்றொன்றில் போடவே கூடாது. ப்ரொடக்‌ஷன் பிரிவில் குறைந்தபட்சமே 9×19 என்பதால் உங்கள் போட்டிக்கும் அது ஆகாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் பிஸ்டல்களைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங் மாற்றி வைப்பது பல வருடமாக என் வேலை. அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்த வகையில் சொல்கிறேன்: பிஸ்டலின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு மேகசின், இரண்டு செட் ஸ்பிரிங், முதல் வருடத்துத் தோட்டா இவை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தோட்டாச் செலவு சீக்கிரமே பிஸ்டல் விலையைத் தாண்டிவிடும். நல்ல வேளையாக நீங்கள் 9 மி.மீ. எடுத்திருக்கிறீர்கள். ப்ரொடக்‌ஷனில் எந்த காலிபராக இருந்தாலும் மைனர் கணக்கில்தான் (சக்தி குறைந்த தோட்டாவுக்கான கணக்கு) மதிப்பெண், அதனால் .40 என்ற பெரிய தோட்டாவுக்கு அதிகக் காசு கொடுத்தும் பயன் இல்லை. பவர் ஃபாக்டர், அதாவது குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண், 125 வந்தால் போதும். 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1050 அடி வேகத்தில் போனால் 130 வந்துவிடும்.

நான்கு மேகசின் ஏன் என்றால், ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) தொடங்கும்போது ஒரு மேகசினில் 15-க்கு மேல் போட அனுமதி இல்லை, ஒரு நீண்ட ஸ்டேஜ் 32 சுடு வரை போகும். மூன்று மேகசினில் முடித்துவிடலாம், ஆனால் ஒன்று கீழே விழுந்து மண் ஏறினால் திண்டாட்டம். இந்த இடத்தில்தான் பெயர் தெரியாத புதிய பிஸ்டல் இடிக்கும். ஐந்து வருடம் கழித்து அதற்கு மேகசின் கிடைக்குமா? எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்தால் யாரிடம் கேட்பீர்கள்? சிஇசட் 75 வந்தது 1975-இல். அரை நூற்றாண்டாக ஓடும் குடும்பம் அது. இத்தாலியின் மெக்‌கார் கம்பெனி அதற்கு நல்ல மேகசின் செய்கிறது. இன்னொன்று: ப்ரொடக்‌ஷனுக்கு ஐபிஎஸ்சி அங்கீகரித்த மாடல் பட்டியல் உண்டு. அந்தப் புதிய பிஸ்டல் பட்டியலில் இல்லையென்றால் பேச்சே முடிந்தது. பணம் கொடுக்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பழையதை எப்படிப் பார்ப்பது.

கையில் வாங்கியதும் மேகசினை எடுத்து, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்துப் பிடித்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொடுங்கள். விற்பவர் காலி என்று சொன்னாலும் இதைச் செய்யுங்கள். அப்புறம் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

பேரலைத் தனியே எடுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, சேம்பர் பக்கமாகப் பாருங்கள். உள்ளே கோடுகள் சுருண்டு போவது தெளிவாகத் தெரிய வேண்டும். எங்காவது மோதிரம் போல ஒரு கருவளையம் தெரிகிறதா என்று பேரலை மெல்லச் சுற்றிக்கொண்டே தேடுங்கள். வெடிமருந்து குறைந்த தோட்டாவின் குண்டு உள்ளேயே நின்று, தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் அந்த இடத்தில் வீங்கும். வெளிப்புறத்தை விரல் நுனியால் வருடினால் அந்த மேடு கைக்குத் தட்டுப்படும். அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து ஹேமர், அதாவது பின்னால் இருக்கும் சுத்தியல். காலி பிஸ்டலை மூடி, ஹேமரைப் பின்னால் வைத்து, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அந்த நொடியில் ஹேமர் விழுந்தால் உள்ளே கோளாறு. ஹேமர் பின்னால் இருக்கும்போது கட்டைவிரலால் லேசாக முன்னே தள்ளியும் பாருங்கள், நகரக் கூடாது. ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று யாராவது வீட்டில் அரம் போட்டிருந்தால் இந்த இரண்டு சோதனையில் பெரும்பாலும் பிடிபடும். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பெயின்ட் உரிந்ததற்குக் கவலைப்பட வேண்டாம். ஹோல்ஸ்டரில் போய்வந்த தேய்மானம் அது. வெளியே தேய்ந்து உள்ளே சுத்தமாக இருக்கும் பிஸ்டல்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நிறைய சுமந்து கொஞ்சமாகச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காவல்துறை கழித்துக் கட்டும் கிளாக் 17 போன்றவை பல இப்படித்தான் வரும். சிஇசட் சரிப்படாவிட்டால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

அமைதிக்குறி:

கிரீஸ்கை சொன்னதற்கு மேல் ஒன்று. நான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். சிறிய கை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை வலியுறுத்துகிறேன்.

75 பி-யில் டீகாக்கர் (ஹேமரைப் பாதுகாப்பாக இறக்கும் நெம்பு) கிடையாது. ப்ரொடக்‌ஷனில் ஹேமர் கீழே இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். அதாவது சேம்பரில் தோட்டா இருக்கும்போது, ஹேமரைக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தி மெதுவாக இறக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆபத்தில்லை, ஆனால் வழுக்கினால் வெடிக்கும். பேரலின் முனை, குண்டைத் தடுக்கும் மேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். காலி பிஸ்டலில், ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கை தானாகச் செய்யும் வரை பழகாமல் தோட்டாவோடு முயலாதீர்கள்.

முதல் சுட்டின் டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகர் இழுப்பே ஹேமரைத் தூக்கி விடும் முறை) இழுவையும் நீளம். ட்ரிகர் முழுவதும் முன்னே இருக்கும் நிலையில் உங்கள் விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை அதில் நேராகப் படிகிறதா? எட்டிப் பிடிக்க கிரிப்பைத் திருப்ப வேண்டியிருந்தால் குண்டு ஒதுங்கித்தான் போகும். இதை ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிஇசட்டில் ஸ்லைடு ஃப்ரேமுக்குள் ஓடுவதால் இழுத்துப் பிடிக்கவும் இடம் குறைவு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரேஞ்சுக்காரி:

இருவருக்கும் நன்றி. புதிய பிஸ்டலின் பெயர் பட்டியலில் இல்லை, அது போயிற்று.

சிஇசட்டை இன்று போய்ப் பார்த்தேன். பேரல் சுத்தம், வளையம் எதுவும் இல்லை. ஹேமர் சோதனை இரண்டும் சரி. ஸ்லைடை மேலிருந்து உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் இழுக்க வருகிறது. முதல் இழுவைக்கு விரல் எட்டுகிறது, ஆனால் நுனிதான் படுகிறது. விற்பவர் மெல்லிய கிரிப் பலகை போட்டுக் காட்டினார், அதில் நன்றாகவே படிந்தது, கையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

ஒரு சந்தேகம். பட்டனை அழுத்தினால் மேகசின் கொஞ்சம்தான் இறங்குகிறது, கீழே விழவில்லை. கையால் உருவ வேண்டியிருக்கிறது. இது பழுதா?

கிரீஸ்கை:

பழுது இல்லை. மேகசின் கீழே விழுந்து தொலையாமல் இருக்க உள்ளே ஒரு வளைந்த தகடு வைத்திருக்கிறார்கள், அதுதான் பிடிக்கிறது. வேகமாக மேகசின் மாற்ற வேண்டிய போட்டிக்கு அது தடை. வளைவு இல்லாத தட்டையான தகடு தனியாகக் கிடைக்கும், தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த மெல்லிய கிரிப்பையும் சேர்த்தே விலை பேசுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக ரீகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்பிரிங்) புதிதாக மாற்றுங்கள், முன்னால் எத்தனை ஆயிரம் சுட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. அதன் பிறகு 3000 முதல் 5000 சுட்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் நெம்பு) ஒன்று உபரியாக வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். இந்தக் குடும்பத்தில் அதிகம் சுட்டால் உடைகிற பாகம் அது, மாற்றுவது சுலபம், இல்லாவிட்டால் போட்டி நாளே வீணாகும்.

மேகசின்களுக்கு 1, 2, 3, 4 என்று பெயின்டில் எண் போட்டுவிடுங்கள். சிக்கல் வரும்போது எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் பிஸ்டலைக் கழற்றாதீர்கள், அந்த மேகசினின் மேல் உதடுகள் விரிந்திருக்கின்றனவா என்று இன்னொன்றோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.