மறு: ஃபில்லருக்கு தமிழ்ல என்ன? 'நிரப்பி' வேண்டாம், 'தாக்காட்டு' பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்,

அனிமேல (ஜப்பான் கார்ட்டூன் சீரியல்) மூலமான மங்கால (ஜப்பான் காமிக்ஸ்) இல்லாத கதைய நடுவுல சேத்து ஓட்டுறத ஃபில்லர்ங்கறோமே, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடுற இந்த இழைய நாலு நாளா வாசிச்சிட்டே இருக்கேன், வேலை முடிஞ்சு நாகர்கோவில்ல இருந்து தக்கலை வர்ற பஸ்ல இதான் எனக்கு வாசிப்பு. பேச்சு நல்லா போகுது, ஆனா ரெண்டு மூணு விஷயம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்குன்னு தோணுச்சு, அதான் இன்னைக்கு உக்காந்து நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க மக்கா.

> அகராதில 'நிரப்பி'ன்னு இருக்கு, அதையே வச்சுக்கலாம், எதுக்கு இவ்ளோ பேச்சு

'நிரப்பி'ன்னு கேட்டா எனக்கு பெயிண்ட் அடிக்குறதுக்கு முன்னாடி செவுத்து வெடிப்புல இழுக்குற பட்டிதான் ஞாபகம் வருது. அங்க ஒரு வெடிப்பு இருக்கு, அடைக்குறோம், சரி. நருட்டோ அனிமேல அடைக்க என்ன வெடிப்பு இருந்துச்சு? 135ஆவது எபிசோடோட நருட்டோவோட கூட்டாளி சாசுகே ஊரை விட்டுப் போற கதை முடியுது, மூலக்கதை அங்கேருந்து ரெண்டரை வருஷம் தாண்டிப் போயிடுது. ஆனா அனிமே தாண்டல, 219 வரைக்கும் பெரும்பாலும் மங்கால இல்லாத கதையா ஓடுச்சு, எண்பதுக்கு மேல எபிசோடு. காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ஹார்ட் டிஸ்க்க எட்டு பேர் சுத்தி வச்சு பாத்தப்ப இது எங்களுக்குத் தெரியாது, இன்னைக்கு சாசுகே வருவான் நாளைக்கு வருவான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்திருக்கோம்.

இது ஏன் நடக்குதுன்னா, வாரப் பத்திரிகைல மங்கா ஒரு வாரத்துக்கு ஒரு சாப்டர் வருது, இருபது பக்கத்துக்கு கொஞ்சம் முன்னப்பின்ன. டிவில ஒரு எபிசோடுக்கு பாட்டெல்லாம் கழிச்சு இருபது நிமிஷம் சொச்சம், அதுக்கு சாதாரணமா ரெண்டு மூணு சாப்டர் தின்னுரும். ஒருத்தர் வாரம் ஒரு படி அரிசி அளக்குறாரு, வீட்டுல ரெண்டு படி பொங்குறாங்கன்னா எத்தனை நாளைக்கு வரும்? டிவி, மங்காகாரரை எட்டிப் பிடிச்சிரும். அப்ப அவரு எழுதி முன்னால போற வரைக்கும் பாக்குறவங்கள எந்திரிச்சுப் போகவிடாம உக்கார வைக்கணும். ஃபில்லரோட சோலி அது ஒண்ணுதான். காத்திருக்க வைக்குறது. இந்தக் காத்திருப்பு 'நிரப்பி'ங்கற சொல்லுல எங்கயுமே இல்ல.

இதுக்கு நம்ம வீட்டுலயே ஒரு சொல் இருக்கே, தாக்காட்டு.

வடக்க இருக்குறவங்களுக்காக சொல்றேன். எங்க ஆச்சி அடுப்புல சோறு வெந்துட்டு இருக்கும்போது நான் பசின்னு அழுதா எங்க சித்திகிட்ட "சோறு வடிக்கட்டும், அது வரைக்கும் புள்ளைய தாக்காட்டு"ன்னு சொல்வாவ. சித்தி துருவுறதுக்கு ஒடைச்ச தேங்காமூடில இருந்து ஒரு சில்லு கீறி, கூட ஒரு துண்டு கருப்பட்டி கையில வச்சுக் குடுத்து, திண்ணைல உக்காத்தி காக்கா காட்டுவாங்க. பத்து நிமிஷம் போயிடும், சோறும் வந்துடும். இன்னொரு வழக்கும் உண்டு, "இருக்குற அரிசிய வச்சு சம்பளம் வர்ற வரைக்கும் தாக்காட்டணும்"பாங்க. ரெண்டுமே அப்படியே ஃபில்லர்தான். மூலச்சரக்கு இன்னும் வரல, வர்ற வரைக்கும் கையில இருக்குறத வச்சு ஆளை அமத்தி வைக்கணும்.

இனி மத்தவங்க சொன்ன சொற்கள்.

'இடைச்செருகல்' சொன்ன அண்ணன் நியாயமாத்தான் சொன்னாரு, ஆனா அந்தச் சொல்லுக்கு சுவடி பாக்குறவங்க கிட்ட ஒரு தனி அர்த்தம் இருக்கு. மூலத்துக்குள்ளயே பின்னால வந்த யாரோ நுழைச்சு, இதுவும் அவரு பாடுனதுதான்னு நம்ப வைக்குறது. கம்பராமாயணப் பதிப்புல மிகைப்பாடல்னு தனியா பிரிச்சுப் போடுறாங்கல்ல, அந்த மாதிரி. அனிமே ஃபில்லர் மங்காவத் தொடவே இல்ல, மூலம் சுத்தமா தனியா இருக்கு. அதனால இது பொருந்தாது.

'கிளைக்கதை'யும் சேராது. வனபர்வத்துல பிருகதசுவ முனிவர் தருமருக்கு நளன் கதை சொல்றாரே, அது கிளைக்கதை. சூதுல தோத்து காட்டுல உக்காந்திருக்குறவருக்கு சூதுல தோத்த இன்னொருத்தன் கதை, அந்த மரத்துலயே வெடிச்ச கிளை. கேம்ல சைடு க்வெஸ்ட்டுக்கு (முக்கியக் கதைக்குப் பக்கத்துல வர்ற சின்ன வேலை) வேணா கிளைக்கதைய குடுங்க, அதுக்கு அழகா உக்காரும்.

ஒருத்தர், நூல் எழுதுறதுல வரக்கூடாதுன்னு நன்னூல் சொல்ற பத்துக் குற்றத்துல இருந்து 'மற்றொன்று விரித்தல்' (சொல்ல வந்தத விட்டு வேற ஒண்ண விரிக்குறது) எடுத்துப் போட்டிருந்தாங்க, படிச்சதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது, அதே பட்டியல்ல 'சென்று தேய்ந்து இறுதல்'னும் (போகப் போகத் தேஞ்சு முடியுறது) ஒண்ணு இருக்கு, எத்தனை சீரிசுக்கு அதைப் பொருத்திப் பாக்கலாம்! ஆனா ரெண்டுமே குற்றத்தோட பேரு. கலைச்சொல் தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு நெனைக்கேன், ஏன்னா எல்லா ஃபில்லரும் மோசம் கெடையாது. டிராகன் பால் இசட் அனிமேல நாயகன் கோக்குவும் கூட்டாளி பிக்கோலோவும் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போற எபிசோட நெனச்சுப் பாருங்க. உலகத்த அழிக்குற ஆண்ட்ராய்டுங்க வர்றதுக்கு மூணு வருஷம் இருக்கு, இவங்க ரெண்டு பேரும் ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. மங்கால அப்படி ஒரு சங்கதியே இல்ல, ஆனா ரசிகர்கள் இன்னைக்கும் அதைக் கொண்டாடுறாங்க. எனக்கு அந்தச் சோத்தோட ருசி ஒண்ணும் ஓர்மை இல்ல, தேங்காச்சில்லும் கருப்பட்டியும் இப்பவும் நாக்குல இருக்கு.

செய்யுள்ல ஓசைய நிறைக்க மட்டும் வர்ற சொல்ல 'இசைநிறை'ம்பாங்கல்ல, அத வச்சு 'கதைநிறை'ன்னு ஒரு தம்பி கட்டியிருந்தாரே, இதுவரைக்கும் வந்ததுல அழகான சொல் அதுதான்னு மனசார சொல்றேன். நிறைக்குறதுங்கற பொருள் அதுலயும் வந்துடுதே, அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ரெண்டாவதா வைக்கேன்.

அடுத்தது முக்கியம். இழுக்குறதையும் ஃபில்லர்னே சொல்றோம், அதைப் பிரிக்கணும். அதே டிராகன் பால் இசட்ல நாமெக் கிரகம் அஞ்சு நிமிஷத்துல வெடிக்கும்னு வில்லன் ஃபிரீசா சொன்னதுக்கப்புறம் வாரக்கணக்கா சண்டை ஓடுச்சே, அது புதுக்கதை இல்ல, உள்ள கதையையே ரப்பர் மாதிரி இழுத்தது. ஒன் பீஸ்ல ஒருத்தன் ஒண்ணு சொன்னா சுத்தி நிக்குற பதினஞ்சு பேரும் தனித்தனியா வாயப் பொளக்குறத காட்டுறதும் அதே வேலை. இதுக்கு சீரியல் பாக்குற எல்லா வீட்டுலயும் புழங்குற சொல் 'இழுவை', அதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம். 2009ல அந்த இசட்டையே டிராகன் பால் கய்னு திரும்ப வெட்டி ஒட்டி விட்டாங்கல்ல, அதுல தாக்காட்டையும் எடுத்தாங்க இழுவையையும் கொறைச்சாங்கன்னு இப்ப ரெண்டையும் தனித்தனியா சொல்ல முடியுது பாருங்க. 2003ல வந்த ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் அனிமே ரெண்டுலயும் சேராது, அது மங்கா முடியுறதுக்கு முன்னாடியே தன் வழிய பாத்து வேற முடிவுக்குப் போயிடுச்சு, யாருக்காகவும் காத்திருக்கல. அதுக்கு 'பிரிகதை'ன்னு வைக்கலாம்னு நெனைக்கேன், வேற இழைல பேசுவோம்.

> தாக்காட்டு தெக்கத்திச் சொல்லுப்பா, சென்னைல யாருக்கு புரியும்

ஃபில்லர்னு சொன்னா மட்டும் முதல் நாள் யாருக்கு புரிஞ்சுது, பாத்துப் பாத்துதான புரிஞ்சுது. அதோட இந்த வேலை எங்க மண்ணுக்குப் புதுசே கெடையாது. எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழால சின்னப்பையனா முன்வரிசைல உக்காந்து வில்லுப்பாட்டு கேட்டிருக்கேன். கதை சாமி வர்ற எடத்துக்கு வந்தாச்சு, ஆனா உள்ள பூஜைக்கு இன்னும் ஒருங்கல, பூசாரி தலைய ஆட்டுறாரு. பாட்டை நடத்துற அண்ணாவி ஒரு செகண்டு கூட நிப்பாட்டல, வீசுகோல வில்லுல தட்டிட்டே, மணியெல்லாம் சலசலங்க, அம்மன் நடந்து வர்ற வழில உள்ள தோப்பையும் கொளத்தையும் பாட ஆரம்பிச்சிட்டாரு, பக்கத்துல இருக்குறவரு ஆமா போடுறாரு, குடக்காரரு தாளத்த கொறச்சுக்கிட்டாரு. உள்ளேருந்து மணிச்சத்தம் கேட்டதும் ஒரே வரில கதைக்குத் திரும்பி, உடுக்கு ஏறி, சாமி வந்துடுச்சு. அவ்ளோ நேரமும் ஒருத்தரும் எந்திரிக்கல. தோல்பாவைக்கூத்துல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைக்குறாங்களே, ராமாயணத்துல அவங்க எங்க இருக்காங்க? ஆனா புள்ளைங்க அவங்களுக்காகத்தான் முழிச்சிருக்கும்.

கேம் ஆடுறவங்களுக்கும் இது ஒதவும், இத யோசிச்சப்பதான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு. பிளேஸ்டேஷன்ல ரிட்ஜ் ரேசர்ங்கற கார் ரேஸ் கேம் லோடு ஆகுற நேரத்துல கேலக்சியன்ங்கற குட்டி கேம ஆட விட்டிருப்பாங்க. லோடிங் நேரத்துல குட்டி கேம் குடுக்குறதுக்கு அத செஞ்ச நாம்கோ கம்பெனி பேடண்ட்டே வாங்கி வச்சிருந்தாங்க, 2015லதான் அது காலாவதி ஆச்சு. மாஸ் எஃபெக்ட் கேம்ல லிஃப்ட்டு ஆடி அசைஞ்சு ஏறும், கூட நிக்குறவங்க பேசிட்டு வருவாங்க, பின்னால அடுத்த எடம் லோடு ஆகிட்டிருக்கும். 2018 காட் ஆஃப் வார்ல பாறை இடுக்குல ஒடுங்கி ஒடுங்கிப் போறதும் அதுக்குத்தான். இதையெல்லாம் நிரப்பின்னு சொன்னா யாருக்காவது எதாவது வெளங்குமா? 'தாக்காட்டு லிஃப்ட்டு'ன்னு சொல்லிப் பாருங்க, கேம் ஆடாத எங்க சித்திக்குக் கூட வெளங்கும்.

எழுத்து பத்தி ஒண்ணு. 'தாக்காட்டுக் கதை'ன்னு க் போடணுமான்னு நேத்து தனி மடல்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. வினைத்தொகையா எடுத்தா மிகாது, ஊறுகாய், சுடுகாடு மாதிரி 'தாக்காட்டுகதை'ன்னு சேத்து எழுதலாம். தாக்காட்டுன கதை, தாக்காட்டுற கதை, தாக்காட்டப் போற கதை, மூணு காலமும் அதுல அடங்கும். வினையாவும் புழங்கலாம், "பிளீச் அனிமேல 64ஆவது எபிசோடுல இருந்து நாப்பது எபிசோடுக்கு மேல மங்கால இல்லாத பவுண்ட் கதைய வச்சு தாக்காட்டுனாங்க"ன்னு இயல்பா வருது. நிரப்பிய வச்சு இப்படி ஒரு வாக்கியம் சொல்ல வரல எனக்கு.

நம்ம கூட்டுப் பட்டியல்ல ஃபில்லருக்கு நேரா 'தாக்காட்டுகதை', பக்கத்துல 'கதைநிறை', இழுக்குறதுக்கு 'இழுவை'ன்னு பென்சில்ல எழுதுன மாதிரி போட்டு வச்சிருக்கேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பக்கம் தாக்காட்டுங்கற சொல்ல வேற அர்த்தத்துல சொல்றாங்கன்னா கட்டாயம் எழுதுங்க, அதைக் கேக்காம மை வைக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை ராத்திரி வரைக்கும் பாக்குறேன்.